களை வெளியேறிய நேரம் 11.10

பதினோரு வருஷம் வெல்வெட் நகரின் நாற்பத்திரண்டு வீட்டு முன்வாசல்களையும் தன் இரண்டு கையால் பச்சையாக வைத்திருந்த செல்லக்கனியக்காவை, ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல், வேலைக்குச் சேர்ந்தபோது அடையாள அட்டைக்காக அவர் கொடுத்த படத்தையே பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, அதற்குக் கீழே "களை பரப்பியவர், உள்ளே அனுமதி இல்லை" என்று எழுதி, அவர் தினமும் நுழைகிற அதே கேட்டில், அவர் தலை உயரத்துக்கே ஒட்டி, வெளியே நிறுத்தினார்கள். அதைத் தட்டச்சு செய்தவர் என் அப்பா. அதோடு போன சுற்றறிக்கையில் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் மற்றவர்களைப் பற்றி நான் சொல்லப்போவது கொஞ்சம் சூடாக இருக்கும்.

வெல்வெட் நகர் கோவில்பட்டிக்குத் தெற்கே, பருத்தியும் உளுந்தும் விளைந்த கரிசல் காட்டை மட்டம் தட்டிக் கட்டியது. மனை விற்றவர் அடித்த விளம்பரத் தாளில் வெல்வெட் துணி விரித்தது போல ஒரு புல்வெளி இருந்தது. அந்தப் படம் எடுத்த தேசத்தில் தினமும் காலையில் தூறல் விழும் என்பது மட்டும் தாளில் இல்லை. வீடு வாங்கிய எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதிகளில் ஏழாவது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே ஜாதிப் புல் இருக்க வேண்டும் என்றது. அதன்படி கார்பெட் புல் வருஷா வருஷம் லாரியில் வந்து இறங்கியது, கேக் துண்டு போலச் சதுரம் சதுரமாக, அடியில் இரண்டு விரல் கனத்துக்கு எங்கிருந்தோ வந்த செம்மண்ணோடு. கரிசல் அதை எப்படி ஏற்றுக்கொள்ளும்? மழைக்கு மாவு போல உப்பி, வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்து, வருஷத்துக்கு ஒருமுறை ஆழமாக மூச்சு இழுத்து விடுகிற மண் அது. அந்த மூச்சில் சதுரங்கள் விலகும், வேர் அறும், ஐப்பசியில் அடியில் தண்ணீர் நின்று அழுகும், சித்திரையில் தினம் இரண்டு வேளை ஊற்றினாலும் மேல்தோல் மட்டும் நனைந்து, கீழே போகத் தெரியாத வேர் மேலேயே சுருண்டு கருகும். ஜூனில் புது லாரி வரும். பதினோரு ஜூன், பதினோரு லாரி. அத்தனை புல்லையும் பதித்தது அக்காதான், செத்ததும் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டியதும் அக்காதான்.

அக்காவுக்கு ஊர் கீழப்பனையடி, எங்கள் தெற்கு மதிலுக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையை ஒட்டி. இடுப்பில் களைக்கொத்தி, கையில் தூக்குவாளி, வாயில் எப்போதும் யாரையாவது கிண்டல். பதினோரு வருஷமும் அவர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த மண்ணுக்கு இந்த மண்ணின் புல்லைப் போடுங்கள் என்று. நாற்பத்தொரு வீடு சிரித்தது. பதினேழாம் எண் வீட்டில் மட்டும் என் அம்மா கோமதி, செத்த புல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்றார். அதன்பிறகு அக்கா எங்கள் முன்வாசலை ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி, ஓடை மணலும் மக்கின ஆட்டுப் புழுக்கையும் கலந்து, கண்மாய்க்கரையிலிருந்து அறுத்து வந்த அருகம்புல் கொடியை இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஐப்பசி முதல் மழை நின்ற மறுநாள் ஊன்றினார். மதில் நிழல் விழுகிற ஓரத்தில் பொடுதலைக் கொடியைப் படரவிட்டார்.

அதன்பின் அம்மாவுக்கு அக்கா போட்ட சட்டம் மூன்று. புல்லை மிதித்துப் பார். மிதித்த இடம் நிமிர்ந்தால் அதற்குத் தாகமில்லை, தடம் தடமாகவே கிடந்தால் தண்ணீர் விடு, விடுகிறபோது வேர் வரைக்கும் விடு, பிறகு ஐந்து நாள் அந்தப் பக்கமே போகாதே. வெட்டுகிறபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே, வெட்டினதை அள்ளாதே, அது அங்கேயே மக்கட்டும். மண்வெடிப்பில் விரல் நுழைந்தால் தண்ணீர், கை நுழைந்தால் பொறுமை. சித்திரையில் எங்கள் முன்வாசல் வைக்கோல் நிறத்துக்குப் போனபோது பக்கத்து வீடுகள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போயின. தூங்குது, எழுப்பாதீங்க என்று மட்டும் அக்கா சொன்னார். வைகாசியில் ஒரே ஒரு கோடை மழை, மூன்றாம் நாள் எங்கள் வாசல் தானாக எழுந்து உட்கார்ந்தது.

பிறகு நடந்தது அம்மாவின் குற்றமல்ல, அருகின் குற்றம். அருகம்புல்லுக்கு மதில் தெரியாது. அது அடியில் நடந்து பதினாறுக்குப் போனது, பதினெட்டுக்குப் போனது, தெருவைத் தாண்டியது, மூன்றாம் வருஷம் ஒன்றாம் எண் வீட்டில், சங்கத் தலைவர் ஆதிமூலம் சாரின் கார்பெட் புல்லுக்கு நடுவில், இரண்டு இலையோடு தலைநீட்டிப் பார்த்தது.

ஆதிமூலம் சார் பத்திரப் பதிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரத்தில் வேண்டாத சொல் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு என்பது அவருடைய கொள்கை. கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்பு மை பேனாவோடுதான் படிப்பார். அவர் கூட்டிய கூட்டத்தில் ஒரு புல் கம்பெனிக்காரர் வந்து, உங்கள் வளாகத்தில் களை தொற்றிவிட்டது, முழுக்க ஒழித்தால்தான் புதுப் புல்லுக்கு உத்தரவாதம் என்றார். நான் எழுந்து, வெள்ளிக்கிழமை நம்ம பிள்ளையார் தலையில் வைக்க மார்க்கெட்டில் வாங்கிவருகிற அருகம்புல் சனிக்கிழமை தரையில் முளைத்தால் எப்படிக் களை ஆகும் என்று கேட்டேன். அது பூஜைக்கு, இது தரைக்கு என்றார்கள். அப்படியென்றால் சாமிக்குத் தரையே கிடையாதா என்றேன். படிக்கிற பிள்ளை படிப்பைப் பார் என்றார்கள். கடைசியில் களையைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார்கள், யாரும் அம்மாவைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அக்கா ஞாபகம்தான் வந்தது. வீடு இருக்கிறவள் மேல் தீர்மானம் போடுவது கஷ்டம், இல்லாதவள் மேல் போடுவது சுலபம்.

சங்கச் செயலாளர் என்ற முறையில் அப்பா சுற்றறிக்கை எழுதினார்: "வீட்டு முன்வாசல் புல்வெளிகளில் முளைத்துள்ள களைச்செடிகளை" என்று தொடங்கியது அது. சிவப்புப் பேனா அதில் இறங்கியது. எங்கே முளைக்கும், புல்வெளியில்தான் முளைக்கும், அதை வேறு எழுதணுமா? களை என்றாலே செடிதான், அதற்கு ஒரு செடி எதற்கு? வெட்டி வெட்டி மிஞ்சியது இவ்வளவு: "வெல்வெட் நகரில் உள்ள களை முழுவதும் ஜூன் எட்டாம் தேதிக்குள் வேரோடு வெளியேற்றப்பட வேண்டும். எந்த காரணத்தை கொண்டும் அது திரும்ப அனுமதிக்கப்படாது." கோபத்தில் இருந்தாலும் பிழையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. 'எந்த'வுக்குப் பக்கத்தில் ஒரு க், 'காரணத்தை'க்குப் பக்கத்தில் ஒரு க் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு கவனமாகப் படித்த நான், எந்தக் களை என்று அதில் எழுதியே இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்து, கேட்டில் தன் முகத்தைத் தானே பார்த்தார். உள்ளே நின்றிருந்த ஆதிமூலம் சார், எத்தனையோ ஆயிரம் பேரிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய பழக்கத்தில், "ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கேட்டார்.

அக்கா படத்தை இன்னொருமுறை பார்த்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

"இருக்கு," என்றார். "பெறகு சொல்லுதேன்."

போய்விட்டார்.

ஜூன் எட்டு சனிக்கிழமை. செயலாளர் வீடு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று எங்கள் வாசலில்தான் முதலில் கடப்பாரை இறங்கியது, எங்கள் வாசலில்தான் கடைசி வேரும் கிடைத்தது, ஏனென்றால் அது இடுப்பளவு ஆழத்துக்குப் போயிருந்தது. அம்மா கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் அந்தக் கடைசி வேரை, பூணூல் கனத்தில் வெள்ளையாக, பிடித்து இழுத்து அறுத்தபோது, களை கிளம்பியது. முதலில் அம்மா முகத்திலிருந்து, பிறகு வாசல் கோலத்திலிருந்து, பித்தளைக் குத்துவிளக்கிலிருந்து, பதினாறிலிருந்து, பதினெட்டிலிருந்து, குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து, ஊஞ்சலில் இருந்தவர்களிடமிருந்து, எல்லோரிடமிருந்தும் இறங்கி, முழங்கால் உயரத்தில் ஒரு மினுக்கமாக, ஆட்டு மந்தை போல ஒன்றையொன்று உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல், தெருவின் இடது ஓரமாகவே நடந்து கேட்டுக்குப் போனது. வாட்ச்மேன் சங்கிலிமுத்து எழுந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டு, மேஜையில் இருந்த பதிவேட்டில் பெயர் என்ற கட்டத்தில் 'களை' என்றும், வெளியே என்ற கட்டத்தில் '11.10' என்றும் எழுதினார். ஏன் விட்டாய் என்று பின்னால் கேட்டபோது, வெளியேற்றணும்னுதானே சார் எழுதியிருந்தீங்க என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: யாரும் அசிங்கமாகிவிடவில்லை. மூக்கு மூக்காகவும் கண் கண்ணாகவும் அது அது இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் பார்த்த கண் அங்கே நிற்க ஒரு காரணம் இல்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, எந்த வீட்டுத் துக்கம் என்று கேட்டு, முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி இடம் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர் பாஸ்போர்ட் படத்தை நான்குமுறை எடுத்துவிட்டு, லைட்டெல்லாம் சரியாக இருக்கிறது அண்ணாச்சி, முகத்தில்தான் கரண்ட் இல்லை என்றார். பியூட்டி பார்லர் பெண், கலர் கொண்டுவரலாம் மேடம், களை என் கையில் இல்லை என்று கைகழுவிவிட்டாள். டாக்டர் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார், எல்லோருக்கும் ரத்தம் நன்றாகவே இருந்தது. பழைய கல்யாண ஆல்பங்களைத் திறந்தால் அதிலும் இல்லை. மாலையும் கழுத்துமாக இரண்டு பேர் ரேஷன் வரிசையில் நிற்பது போல நின்றார்கள். ஒன்பதாம் எண் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனவர்கள், தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டு, புது நாற்காலியைப் பார்த்தது போல, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தார்கள்.

வெல்வெட் நகர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஒரு கமிட்டி போட்டு எடுத்துக்கொண்டது. போர்வெல் தண்ணீரைச் சோதித்தார்கள். தெருவிளக்கை மாற்றினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தால் பிரச்சினையே இல்லை என்று ஒருவர் சொல்ல, சில நாள் எல்லோரும் தோளைப் பார்த்துப் பேசினார்கள். பிறகு பழகிவிட்டது. மனுஷர்களுக்கு எதுதான் பழகாது? எனக்கு அதுதான் ஆத்திரம். களை போனதைவிட, களை இல்லாமல் வாழ ஒரு அட்டவணை போட்டுக்கொண்டார்களே, அது. எங்கள் வீட்டில் அப்பா தட்டை எடுத்து வைத்துவிட்டு, யாரோ விருந்தாளியிடம் கேட்பது போல அம்மாவிடம், நீங்க சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இருபத்திமூன்று வருஷத்தில் அப்பா அம்மாவை நீங்க என்று சொன்னது அன்றைக்குத்தான். கடப்பாரை இறங்கியதிலிருந்து வாய் திறக்காத அம்மா, வெறும் கரிசலாகக் கிடந்த வாசலைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் களைன்னு நீங்க எழுதலியேப்பா," என்றேன்.

"நான் எழுதினேன். அவர் அடிச்சார்."

"அடிச்ச பிறகு கையெழுத்துப் போட்டது யாரு?"

அப்பா என் தோளைப் பார்த்தார்.

வெல்வெட் நகரின் எல்லைக்குள் களையோடு மிஞ்சியது ஒரே ஒரு முகம். கேட்டில் ஒட்டியிருந்த செல்லக்கனியக்காவின் படம். ஜெராக்ஸ், கறுப்பு வெள்ளை, ஒரு காது மைக்கறையில் போயிருந்தது, அப்படியும் அது பார்த்தவர்களை நிறுத்தி வைத்தது. உள்ளே அனுமதி இல்லாதவர் என்று எழுதியிருந்ததால், வெளியேற்றுவதற்கு அந்த முகம் உள்ளேயே இருந்ததில்லை என்பதுதான் சட்டப்படி நிலை. அதனால் அதை யாராலும் வெளியேற்ற முடியவில்லை. காலை நடைக்குப் போனவர்கள் எல்லோருக்கும் சரியாகக் கேட்டுக்குப் பக்கத்தில் ஷூ கயிறு அவிழ்ந்தது. பெண்கள் அதன் முன்னால் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டு, தாங்களும் கொஞ்சம் தெளிந்த மாதிரி திரும்பி வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை படத்துக்கு மேலே கேட் கம்பியில் ஒரு முழம் மல்லிகை தொங்கியது. ஆதிமூலம் சாரின் மனைவி திலகவதி மாமி, அது கேட்டுக்கு வைத்தது என்றார். சார் படத்தைக் கிழிக்கச் சொன்னார். சங்கிலிமுத்து பணிவாக, இதைக் கிழித்துவிட்டால் யாரை உள்ளே விடக்கூடாது என்று நான் எப்படி அடையாளம் பார்ப்பது என்று கேட்டார். விதி விதிதானே. படம் இருந்தது.

வெளியேறிய களை எங்கே போயிற்று என்று தேட வேண்டியதே இல்லை. கீழப்பனையடியில் இத்தனை வருஷமாக நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு போன பஸ் இப்போது நின்றது, டிரைவருக்கே காரணம் தெரியாமல். அங்கே எருமைக்குக் களை, பம்புசெட்டுக்குக் களை, ரேஷன் கடைக்காரர் முகத்துக்குக்கூடக் களை. களைக்கு அந்த ஊரில் யாரும் கமிட்டி போடவில்லை. சாயங்காலம் ஆனால் கண்மாய்க்கரையில் அது அருகோடு அருகாகப் படுத்துக்கிடந்தது, ஆடுகள் அதன் மேலேயே மேய்ந்தன, அது குறையவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அக்கா தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் மருந்து ஒட்டி, கரையில் உட்கார்ந்து மண்ணால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் தப்பு என்றேன், அநியாயம் என்றேன், நான் கூட்டத்தில் என்னென்ன கேட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் பேச்சு எனக்கே நன்றாக இருந்தது. அவர் கையை உதறிவிட்டு, சுற்றறிக்கையை நானும் படித்தேன் என்றார்.

"ரெண்டு எடத்துல க் போட்டது நீதானே தாயி? ஒன் அப்பாவுக்கு அது வராது."

நான் ஆமாம் என்றேன்.

"எழுத்து நல்லா எழுதுதே. எழுதாதேன்னு சொல்ல ஒனக்கு வாய் வரலியே."

எழுந்து வரும்போது கேட்டேன், திரும்பி வருவீர்களா என்று. என்னைக் கூப்பிட நீ யாரு, அந்தச் சார்தானே கேட்டார், அவருக்குத்தானே நான் பதில் பாக்கி என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு பிடி அருகைக் கிள்ளி என் கையில் வைத்து, உடனே திரும்ப எடுத்துக்கொண்டார். கொண்டுபோகாதே, கேட்டில் செத்துவிடும் என்றார்.

ஆடி வந்தது. புதுப் புல் வழக்கம்போலக் கருகியது. கம்பெனி ஆட்கள் வந்து, இது தற்காலிகம் என்று சொல்லி, முதுகில் டப்பா கட்டிக்கொண்டு கருகினதன் மேல் பச்சைச் சாயம் தெளித்தார்கள். நகரின் பூனைகள் எல்லாம் பச்சைப் பாதத்தோடு நடந்தன. பிறகு ஆடிக்காற்று கிளம்பியது. கரிசல் வெடித்து விட்டுக்கொடுத்த சதுரங்கள் ஒவ்வொன்றாக, சாயம் மாறாமல், ஓரம் தூக்கி, பாய் போலப் பறந்து நெடுஞ்சாலைக்குப் போயின. லாரிக்காரர்கள் கண்ணாடியில் வந்து ஒட்டிய புல்வெளியைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வாசல்களில் மிஞ்சியது வெடிப்பு. பதினொன்றாம் எண் வீட்டுக்காரரின் செல்போன் ஒரு வெடிப்பில் விழுந்து, சார்ஜ் தீரும் வரைக்கும் மண்ணுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

அதையும் பழகியிருப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திதான் விடவில்லை. டவுனிலிருந்து களிமண் பிள்ளையார் வண்டியில் வந்தார், கன்னம் உப்பி, சிரித்த முகமாக, வழியெல்லாம் பார்த்தவர்கள் கும்பிட. கேட்டின் எல்லைக்கோட்டைத் தாண்டினதும் முகம் அணைந்தது. களை எந்தக் காரணத்தைக் கொண்டும் திரும்ப அனுமதிக்கப்படாது, இரண்டு ஒற்றும் சரியாக இருந்தது. பண்டாரம் சூடத்தட்டைக் கையில் எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டைக் கீழே வைத்தார். களிமண்ணுக்கு நான் தீபம் காட்ட முடியாது, வெளியே கொண்டுபோய் வையுங்கள், அங்கே சாமியாக இருந்தால் காட்டுகிறேன் என்றார். நான்கு பேர் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். பிள்ளையார் சிரித்தார். நேர் மேலே செல்லக்கனியக்காவின் படம். கீழப்பனையடிக்காரர்கள் அருகம்புல் மாலையோடு வந்து, தேங்காய் உடைத்து, சுண்டலை அங்கேயே பங்கிட்டார்கள். நாங்கள் கம்பிக்கு உள்ளே நின்று பார்த்தோம். ஆதிமூலம் சாரும் நின்றார், கையில் வெறும் தாம்பாளம். நகருக்குள் ஒரு இணுக்கு அருகு இல்லை. மாமி அவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், செருப்பை உள்ளே விட்டுவிட்டு, கோட்டைத் தாண்டிப் போய் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்தார். டவுனுக்குப் போனபோதெல்லாம் திரும்பாத களை அவர்கள் நடுவில் உட்கார்ந்ததும் திரும்பியது; அங்கிருந்து அவர் இந்தப் பக்கம் பார்த்தபோது, மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். சாரும் பார்த்தார்.

அன்று மத்தியானமே சார் அப்பாவைக் கீழப்பனையடிக்கு அனுப்பினார். அப்பா திரும்பி வந்து, கேட்ட இடத்தில்தான் பதில் சொல்வாளாம், நாளைக்குக் காலை பத்து மணிக்கு என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "சொல்வாங்களாம்" என்று திருத்திக்கொண்டார்.

பத்து மணிக்கு நாற்பத்திரண்டு வீடும் கேட்டுக்கு உள்ளே. அக்கா வெளியே, தன் படத்துக்குப் பக்கத்தில், தன் உயரத்தில். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தடையை நீக்கிச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது, உனக்கு இனி அனுமதி உண்டு என்றார். படத்தைக் கிழிக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் சார். நல்ல படம். கீழ உள்ள எழுத்தை மட்டும் மாத்துங்க."

சாருக்கு அது நிம்மதியாக இருந்தது. எழுத்து அவருடைய தொழில். என்ன எழுத வேண்டும் என்றார். அக்கா என் அப்பாவைக் கைகாட்டினார். அப்பா அட்டையை மடியில் வைத்து, கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்கா சொல்லச் சொல்லக் கையால் எழுதினார்: செல்லக்கனி பதினோரு வருஷம் இந்த மண்ணுக்கு எது ஆகும் என்று சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை, கேட்காதது எங்கள் தப்பு, பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு. சாரின் கை சட்டைப்பைக்குப் போனது. பதினோரு வருஷம் என்பது தேவையா, வெறுமனே 'சொன்னாள்' என்றால் போதாதா, தப்பு என்பது இரண்டுமுறை வருகிறதே என்றார். சிவப்புப் பேனாவின் மூடி திறந்தது.

நான் அந்தப் பேனாவை அவர் விரல்களிலிருந்து எடுத்தேன். மூடியைப் போட்டு என் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தப்பு செஞ்சா ரெண்டு தரம்தான் வரும், சார்," என்றார் அம்மா. மூன்று மாதத்தில் அம்மா பேசிய முதல் வாக்கியம் அது.

அப்பா 'சொன்னாள்' என்பதை அடித்து 'சொன்னார்' என்று எழுதினார். அட்டை ஒட்டப்பட்டது. சங்கிலிமுத்து பதிவேட்டைத் திறந்து, 'உள்ளே' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பத்திரண்டு வீடும் தங்கள் கன்னங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஒன்றும் மாறியிருக்கவில்லை. ஆதிமூலம் சார் கேட்டின் இரண்டு கதவையும் தன் கையாலேயே விரியத் திறந்துவிட்டு, அவர் வாயில் அதுவரை நான் கேட்டிராத மரியாதையில், "நீங்க கேட்டபடி எல்லாம் எழுதியாச்சு. இப்ப என்ன சொல்றீங்க? உள்ள வாங்க," என்றார்.

அக்கா வரவில்லை. கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி, வெடிப்பில் ஒரு விரலை விட்டார். பிறகு நான்கு விரலை. பிறகு வளையல் இடிக்கும் வரைக்கும் கையை உள்ளே விட்டு, அங்கேயே சற்று நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்து, கரிசலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"களை போறதுக்கு நீங்க தேதி போட்டீங்க சார். களை வாறதுக்கு யாரும் தேதி போட முடியாது. மண்ணு வளையல் முட்ட வாயைத் தொறந்து கெடக்கு. ஐப்பசி மழை பெய்யணும், மண்ணு வாயை மூடணும், பெறகு நான் வருவேன், கையில புல்லோட, இந்தக் கேட்டு வழியாத்தான், ஒருத்தர்கிட்டயும் கேக்காம. அதுவரைக்கும் இந்த மூஞ்சியோடயே இருங்க."